தரையில் கால் படாத ஓய்வு

மொச்சைக்குளத்துக்கு என்ன குறை? கண்மாய் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, காலையும் மாலையும் பஸ் வந்து போகிறது. புத்தி மட்டும் வெளியூரிலிருந்து வர வேண்டும். வெளியூர்க்காரர்களும் மனசு கோணாமல் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கண்மாய்க்கரை திரும்புகிற இடத்தில் அதற்கு என்னவோ ஆகிவிடுகிறது.

அந்த ஊரில் போதுராசு என்று ஒரு பையன். தங்கமான பையன். அவனுக்கு மூன்று கூட்டாளிகள். எதைச் சொன்னாலும் சந்தேகம் கேட்கும் தவசி, ஓணான் மாதிரி ஒட்டிப்போன ஒச்சப்பன், நெல் குதிர் மாதிரி இருளப்பன். நாலு பேரில் யோசிக்கிறவன் போதுராசு என்று மற்ற மூவரும் நம்பினார்கள். போதுராசும் அப்படியே நம்பினான். இதற்கு வேறு சாட்சி கிடையாது.

நாலு பேருக்கும் பட்டாளத்தில் சேர ஆசை. அடுத்த மாசம் டவுனில் ஆள் எடுக்கிறார்கள். இந்தத் தடவை விட்டால் வயசு தாண்டிவிடும். போதுராசுவின் அப்பா வேறு சொல்லிவிட்டார்: "தேறலைன்னா நேரா செங்கச் சூளைக்கு வந்துரு. அங்க ஓட வேண்டாம், கல்லு சொமந்தாப் போதும்." சுமக்கிற வேலை என்றாலே போதுராசுவுக்கு ஆகாது. அதற்குப் பயந்தே ஓட ஆரம்பித்தான்.

கண்மாய்க்கரையில் தினமும் ஓடினார்கள். காலையில் ஓடினார்கள், சாயங்காலமும் ஓடினார்கள். ஒரு வாரத்தில் தொடை கல்லாகிவிட்டது. குத்தவைத்தவனால் எழுந்திரிக்க முடியவில்லை. கைகொடுக்கக் குனிந்தவனும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கடைசியில் நாலு பேரும் கரையில் குத்தவைத்தபடி, பட்டாளத்திலிருக்கும் போதுராசுவின் அத்தான் கரியமாலுக்குப் போன் போட்டார்கள்.

அத்தான் ஏதோ பனிமலை உச்சியில் இருந்தார். போனில் காற்றுச் சத்தம்தான் பாதி.

"தினமும் ஓடுனா கால் என்னத்துக்கு ஆகும் மாப்ள? ஒரு நாள் ஓடு, ஒரு நாள் ஓய்வெடு. ஓடுற நாள்ல ஓட்டத்துல குறை வைக்காத. ஓய்வு நாள்ல தரையில காலே படக்கூடாது, அப்பிடி ஓய்வெடுக்கணும். மீறினா கால் போயிரும்..."

லைன் அறுந்துவிட்டது.

"போயிரும்னா எங்க போயிரும்?" என்றான் தவசி.

யாருக்கும் தெரியவில்லை. தெரியாத இடம் என்பதால் பயம் கூடிவிட்டது.

மறுநாள் ஓடுகிற நாள். ஓட்டத்தில் குறை வைக்கக்கூடாது என்று அத்தான் சொல்லியிருக்கிறாரே, அதனால் நாலு பேரும் எங்கே போனாலும் ஓடியே போனார்கள். குளிக்க ஓடினார்கள். சாப்பாட்டுத் தட்டோடு வீட்டைச் சுற்றி ஓடினார்கள். போதுராசுவின் அம்மா பேச்சியம்மாள் வாசலில் சாம்பார் வாளியோடு நின்று, மகன் வந்து போகும்போதெல்லாம் ஒரு கரண்டி ஊற்றினாள்.

அன்றைக்குப் பார்த்து மேலத்தெரு சீனிச்சாமி செத்துப்போனார். இளவட்டப் பையன்கள் என்று பாடை தூக்க இவர்களைத்தான் கூப்பிட்டார்கள். தூக்கினார்கள். ஓடினார்கள். முன்னால் கொள்ளிச்சட்டியோடு நடந்த மகன் திரும்பிப் பார்த்தான். அப்பா தன்னை முந்தப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் அவனும் ஓடினான். தப்படிக்கிறவர்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்கள்.

சுடுகாட்டில் மகன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "எங்க அப்பாரு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடுனதில்லப்பா. இன்னைக்கு எங்க எல்லாரையும் முந்திட்டாரு."

"வயசானவரு, ஆனாலும் நல்லா ஈடுகொடுத்தாரு" என்று இருளப்பன் பாராட்டினான்.

அதற்கு அடுத்த நாள் ஓய்வு. நாலு பேரும் போதுராசு வீட்டு முற்றத்தில் நாலு கட்டிலில் படுத்திருந்தார்கள். வெயில் ஏற ஏற ஒரு சிக்கல் முளைத்தது.

"எனக்குக் கொல்லைக்குப் போகணும்" என்றான் இருளப்பன்.

"போ."

"எப்பிடிப் போறது? தரையில கால் படக்கூடாதே."

"கையால நடந்து போ" என்றான் ஒச்சப்பன்.

"போயி?" என்றான் தவசி.

எல்லோரும் போதுராசுவைப் பார்த்தார்கள். போதுராசு கண்ணை மூடினான். அவன் யோசிக்கிறான் என்று மூவரும் மூச்சைக்கூட அடக்கினார்கள். இருளப்பன் மற்றதையும் அடக்கினான்.

"நாலு பேரும் ஒரே நாள்ல ஓய்வெடுக்கிறதுதான் தப்பு" என்றான் போதுராசு. "இன்னைக்கு ரெண்டு பேரு ஓடணும், ரெண்டு பேரு ஓய்வெடுக்கணும். ஓடுறவன் ஓய்வெடுக்கிறவனை உப்புமூட்டை தூக்கிக்கணும். நாளைக்கு மாத்திக்கலாம். ஒருத்தன் காலும் தரையில படாது, ஒருத்தன் ஓட்டமும் குறையாது."

மூவரும் கும்பிடாத குறை. இப்பேர்ப்பட்ட தலை சூளைக்குப் போக இருந்ததே என்று தவசிக்குக் கண் கலங்கியது.

அன்றிலிருந்து மொச்சைக்குளத்துக்காரர்கள் தினமும் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். ஒரு நாள் போதுராசு முதுகில் தவசி போவான், மறுநாள் தவசி முதுகில் போதுராசு. அந்தப் பக்கம் ஒரு நாள் இருளப்பன் முதுகில் ஒச்சப்பன் போவான். அதில் பார்க்க ஒன்றுமில்லை. மறுநாள் ஒச்சப்பன் முதுகில் இருளப்பன் வருவான்; அதைப் பார்க்க அடுத்த ஊரிலிருந்து வந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இருளப்பனுக்கு ஒல்லிக்கால் முளைத்து ஓடுகிற மாதிரி இருக்கும்.

போதுராசுவுக்கு முதுகு வலித்தது. தவசி சும்மாவும் வரமாட்டான், காதுக்குள் சந்தேகம் கேட்டுக்கொண்டே வருவான். ஆனாலும் தன் பாடு சுமப்பது இல்லை, ஓடுவது என்று நினைத்தபோது மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆள் எடுக்கிற நாளும் வந்தது. பஸ்ஸில் போகும்போதுதான் தவசி மெல்லக் கேட்டான்: "போது, நேத்து யாரு ஓடுனது?"

போதுராசு விரலை மடக்கினான். நேற்று ஓடியது போதுராசும் இருளப்பனும். அப்படியானால் இன்றைக்கு அவர்களுக்கு ஓய்வு.

"ஒரு நாளைக்குத்தானே, கால் பட்டா என்ன?" என்றான் ஒச்சப்பன்.

"போயிருமே" என்றான் இருளப்பன். "கால் இல்லாதவனைப் பட்டாளத்துல எடுப்பாகளா?"

அது நியாயம். ஒரு மாசம் வியர்வை சிந்தியாயிற்று. இன்றைக்குப் போய் ஓய்வு நாளா! ஜன்னலுக்கு வெளியே ஒரு செங்கல் லாரி போனது. அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். "பழகின மாதிரியே ஓடுவோம்" என்றான். "சாமி விட்ட வழி."

மைதானத்தில் நூற்றுக்கணக்கான பையன்கள் கோட்டில் நின்றார்கள். விசில் ஊதியதும் எல்லோரும் பாய்ந்தார்கள். போதுராசு தவசி முதுகில் ஏறினான். இருளப்பன் ஒச்சப்பன் முதுகில் ஏறினான்.

கூட்டம் முதலில் சிரித்தது. அரைச் சுற்று முடிந்ததும் சிரிப்பு நின்றது. இரண்டாம் சுற்றில் ஒச்சப்பனும் தவசியும் வெறும் ஆளாக ஓடியவர்களையே ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். "வழி விடுங்கப்பா, ஆள் ஓய்வெடுக்கிறாரு" என்று ஒச்சப்பன் மரியாதையாகச் சொல்லிக்கொண்டே போனான். கடைசியில் முதல் பத்துப் பேருக்குள் நாலு பேரும் வந்து சேர்ந்தார்கள், நாலு கால்தான் தரையில் பட்டிருந்தாலும்.

தமிழ் தெரிந்த சுபேதார் ஒருவர் மீசையைத் தடவிக்கொண்டு வந்தார்.

"என்னடா இது?"

"ஓட்டம் சார்" என்றான் தவசி.

"முதுகுல இருக்கிறது?"

"ஓய்வு சார்" என்றான் போதுராசு, இறங்காமலே சல்யூட் அடித்து.

"ஆனா சார், கோட்டை மொதல்ல தாண்டினது என் தலைதான்" என்றான் இருளப்பன். "ஒச்சப்பன் எனக்குப் பின்னாடிதான் வந்தான்."

"நீ என் மேல இருந்தடா!"

"மேல இருந்தாலும் முன்னாடி இருந்தேன்ல?"

சுபேதார் பட்டாளத்தில் பல சண்டைகளைப் பார்த்தவர். இந்த மாதிரிச் சண்டையை அவர் பார்த்ததில்லை. பெரிய ஆபீசரிடம் போய் ஏதோ பேசினார். அந்த ஆபீசர் ஒச்சப்பனின் தொடையை வெகுநேரம் பார்த்தார். சுபேதார் திரும்பி வந்து சொன்னார்: "நாலு பேருக்கும் இன்னொரு சான்ஸ். அடுத்த கூட்டத்தோட தனித்தனியா ஓடணும். இப்ப இறங்கலைன்னா ஊரைப் பாத்துப் போகணும்."

போதுராசு தவசியின் முதுகிலிருந்து கீழே பார்த்தான். ஒரு பக்கம் கால், ஒரு பக்கம் சூளை. குலசாமியை நினைத்துக்கொண்டு, முதலில் கட்டைவிரலை மட்டும் வைத்தான். பிறகு குதிகாலை வைத்தான். குனிந்து பார்த்தான். கால் போகவில்லை.

"இருக்குடா!" என்று கத்தினான். "இருளப்பா, எறங்கு! இருக்கு!"

விசில் ஊதியது. முதுகில் ஆள் இல்லாமல் ஓடுவது போதுராசுவுக்குப் பறக்கிற மாதிரி இருந்தது. வழியில் தவசி எங்கேயோ விழுந்துவிட்டானோ என்று ரெண்டு தடவை பதறித் திரும்பிப் பார்த்தான். இருளப்பன்கூட வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே பறந்தான். நாலு பேரும் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். போதுராசுவுக்கு அழுகை வந்துவிட்டது. சுபேதாரே அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

தட்டியதோடு விட்டிருக்கலாம்.

"சபாஷ். நாலு பேரும் ஒருத்தன் பின்னால ஒருத்தன் நில்லுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் வரிசை கலையக்கூடாது!"

சாயங்காலம் மைக்கில், ரிசல்ட்டை நாளைக்கு அந்தந்த ஊருக்கே சொல்லியனுப்புவோம், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எல்லோரும் கலைந்தார்கள். இந்த நாலு பேர் கலையவில்லை. வரிசையாகப் பஸ் ஏறினார்கள், வரிசையாக நின்றார்கள், வரிசையாக மொச்சைக்குளத்தில் இறங்கினார்கள். முன்னால் போன போதுராசு, ரேஷன் சாமான் கொடுக்கிற சமுதாயக்கூடத்தின் பூட்டிய கதவு வரைக்கும் போய் நின்றான். அதற்கு மேல் போக இடமில்லை. மற்றவர்களும் நின்றார்கள்.

விடிந்தது. பால் வாங்க வந்த ஒரு பெண், சமுதாயக்கூடத்து வாசலில் நாலு பேர் நெஞ்சை நிமிர்த்தி நிற்பதைப் பார்த்தாள். பால் சொம்போடு அப்படியே இருளப்பன் பின்னால் நின்றுகொண்டாள். அவள் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். வெயில் ஏறுவதற்குள் வரிசை கண்மாய்க்கரையைத் தொட்டுவிட்டது. பேச்சியம்மாள் ரெண்டு பையோடு வந்து, மகனைத் தேடக்கூட நேரமில்லாமல் இடம் பிடித்தாள். நடுவில் புகுந்த ஒருவனை அடிக்கப் போனார்கள்.

மத்தியானம் தலையாரி சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்தார். டவுனிலிருந்து போன் வந்திருந்தது: நாலு பேரும் தேறிவிட்டார்கள், பொழுது சாய்வதற்குள் டாக்டர் பரிசோதனைக்கு வர வேண்டும், வராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"ஏப்பா, போதுராசு!" என்று கூவிக்கொண்டே தலையாரி முன்னால் போகப் பார்த்தார். ஊரே சேர்ந்து கத்தியது: "வரிசையில வாங்க! சர்க்கார் ஆளுன்னா சும்மாவா?"

தலையாரி திரும்பினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கண்மாய்க்கரை வரைக்கும் நடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றார். சற்று நேரம் பொறுத்து, முன்னால் நின்றவரின் முதுகைச் சுரண்டினார்.

"என்னய்யா குடுக்கிறாக?"

"சரியாத் தெரியல. மண்ணெண்ணெய்னு பேச்சு."

"அடடா" என்று தலையாரி தலையில் அடித்துக்கொண்டார். "என் இடத்தைப் பாத்துக்கங்க, இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, கேன் எடுத்துவர வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தார்.