படுத்தகாளைபட்டியின் நான்கு எல்லைகள்

படுத்தகாளைபட்டியில் பதினோரு வீடு, ஒரு கிணறு, எண்ண முடியாத கருவேல முள். ஊர் உண்டான வரலாறு சின்னதுதான். எந்தக் காலத்திலோ ஒரு கூட்டம் பிழைப்புத் தேடி வண்டி கட்டிக்கொண்டு போனது. வழியில் காளை படுத்துவிட்டது. காளை எழுந்ததும் கிளம்பலாம் என்றார்கள். காளை எழவேயில்லை. அவர்களும் இன்னும் கிளம்பவில்லை. சொன்ன சொல் மாறாத மனிதர்கள்.

ஒருநாள் சர்வேயர் வந்தார். சின்ன ஊர்களைப் பெரிய ஊரோடு சேர்க்கிறார்களாம். நாலு எல்லைக் கல்லையும் நாளைக்குக் கண்ணால் பார்த்துவிட்டால் இது தனி ஊர், இல்லையென்றால் மேற்கே இருக்கும் பெரியவாகைபட்டியோடு சேர்த்துவிடுவேன் என்றார். காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, நாலு மூலைக்கும் நடக்க வேண்டுமே என்று அலுத்துக்கொண்டார்.

ஊர்ப் பெயர் போய்விடும் என்றதும் உலகம்மாள் அழுதுவிட்டாள். "எம் மவ இனிமே எந்த ஊருக்குக் கடுதாசி போடுவா?" என்று கேட்டாள்.

ஊரின் மூளை என்று பெயரெடுத்த புலமாடன்தான் வழி சொன்னார். சர்வேயர் எதற்கு நடக்க வேண்டும்? கல்லைப் பிடுங்கி ஊர் நடுவில் வைத்துவிட்டால் போயிற்று. உலகம்மாளின் புருஷன் சொரிமுத்துவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"கல்லப் பிடுங்கிட்டா எல்லை எங்கன்னு எப்படித் தெரியும்?"

புலமாடன் அதற்கும் வழி வைத்திருந்தார். "கல்லு இருந்த எடத்துல ஆளுக்கொருத்தரா நிப்போம். கல்லுக்கு வாயில்ல. நமக்கு இருக்கு. கேட்டாச் சொல்லுவோம்லா."

கல்லைவிட இது மேல் என்று எல்லோருக்கும் பட்டது.

சர்வேயர் வந்தபோது நாலு கல்லும் குளித்து, சந்தனம் வைத்துக்கொண்டு, நாற்காலி பக்கத்தில் வரிசையாக நின்றன. அவர் தடுக்கி விழக் கூடாதே என்று கல் இருந்த குழிகளையும் மூடியிருந்தார்கள். கொடுத்த மோரைக் குடித்துவிட்டு மூலைகளைப் பார்க்கப் போனார். கிழக்கே புலமாடன் அடித்த ஆணி மாதிரி நின்றார். வடக்கும் தெற்கும் அப்படித்தான். மேற்கே சொரிமுத்து பனைமர நிழலில் நின்றார்.

"கல் இங்கேதான் இருந்ததா?"

"இல்லய்யா. வெயில் ஏறுச்சு, நான் நிழலுக்கு வந்துட்டேன். கல்லா இருந்தா வந்திருக்காது."

சர்வேயருக்கு அழுகையே வந்துவிட்டது. "இனிமே நீங்களே கல்லா இருந்துக்கோங்க" என்று கத்திவிட்டு, மேற்கே சொரிமுத்து, கிழக்கே புலமாடன் என்று நாலு பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுபடி இந்த ஊருக்கு வரக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணமே இல்லை. ஊர் தப்பித்தது.

அன்று முதல் நால்வருக்கும் சாப்பாடு, தூக்கம் எல்லாம் எல்லையில்தான். கற்களில் துணி துவைக்கிறார்கள்.

மகள் பிள்ளை பெற்றாள் என்று சொரிமுத்து மேற்கே தென்காசிக்குப் போனார். அந்த எட்டு நாளும் ஊர் தென்காசிவரை நீண்டது. உள்ளே அகப்பட்ட பெரியவாகைபட்டிக்கு, பயப்பட வேண்டாம், உங்கள் பெயரை மாற்ற மாட்டோம் என்று உலகம்மாள் பெரிய மனதோடு சொல்லியனுப்பினாள்.

திரும்பும்போது சொரிமுத்து பஸ்ஸில் தூங்கிவிட்டார். ஊரைத் தாண்டி இறங்கி, கிழக்கேயிருந்து நடந்து வந்தார். புலமாடன் தூரத்திலேயே அவரை நிறுத்திவிட்டார்.

"மேக்கு எல்லை எனக்குக் கிழக்க நிக்கி. அப்ப ஊரு எங்கடே இருக்கு?"

இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு கம்மங்காடு. பதினோரு வீடும் ஊருக்கு வெளியே கிடந்தன. சொரிமுத்துவை மேற்கே நடந்துபோகச் சொன்னால் என்ன என்று உலகம்மாள் கேட்டாள்.

"எல்லைக்கல்லு ஊருக்குள்ள நடந்து போயி எங்கயாவது பாத்திருக்கியா தாயி?" என்றார் புலமாடன்.

நியாயம்தானே. கூரையைப் பிரித்தார்கள், சட்டி பானையைக் கட்டினார்கள், எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக் கம்மங்காட்டுக்குப் புறப்பட்டார்கள். பத்தடி போனதும் காளை படுத்துவிட்டது.

அது எழுந்ததும் கிளம்புவார்கள்.