முன்னறைக்கு வந்த வரி அதிகாரி

தூத்துக்குடியில் பிசியோதெரபிஸ்ட் நிலோபர் வாடகை வீட்டின் முன்னறையிலேயே வைத்தியம் பார்க்கிறார். அந்த அறைக்கான வாடகையைத் தொழில் செலவாகக் காட்டினார். இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்! ஆனால் வருமானவரி அதிகாரி சடகோபன் நேரிலேயே வந்து நின்றார்.

"மீன்குழம்பு வாசனை வருது. இதுவா கிளினிக்? இது வீட்டு ஹால். வாடகையைக் கழிக்க முடியாது."

அப்படியானால் வரி ஏறும். சம்பளம் கொடுக்க முடியாமல் உதவியாளர் எஸ்தரின் வேலை போய்விடும். நிலோபர் நோயாளிகளின் பதிவேட்டை நீட்டினார். மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் டாக்டரைக் கண்டதும் எவருக்குத்தான் தன் வலி ஞாபகம் வராது?

"அப்படியே இந்தக் கழுத்தையும் பாருங்கம்மா. மூணு மாசமாத் திரும்ப மாட்டேங்குது."

எஸ்தர் முந்திக்கொண்டாள். "சட்டையைக் கழற்றிட்டுக் குப்புறப் படுங்க சார்."

சடகோபன் கட்டிலில் குப்புறப் படுத்தார். உடனே எஸ்தர் பதறினாள்.

"ஐயையோ, எந்திரிங்க சார்! அடுத்தவங்க வீட்டு ஹால்ல இப்படியா படுப்பீங்க? டாக்டரம்மா வீட்டுக்காரர் வர்ற நேரம்!"

வாசலில் காத்திருந்த நோயாளிகள் கொல்லென்று சிரித்தார்கள். தலையணைக்குள்ளிருந்து அதிகாரியின் குரல் அவசரமாக வந்தது.

"கிளினிக்தாம்மா, கிளினிக்தான்! அப்படியே எழுதிடறேன்!"