பூலோகத் துரையின் சறுக்குவண்டி

“வண்டி ஓட மாட்டேங்குது, குருவே!”

முறையிட்டவருக்கு வயது முப்பத்தெட்டு. குருவுக்கு இருபத்தாறு.

முறையிட்டவர் கொம்பாடிக்கோட்டை ஜமீனின் வாரிசு, பூலோகப் பாண்டியர். ஜமீன் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மரியாதை மட்டும் போகாமல் அந்த வீட்டிலேயே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. ஊருக்கு அவர் இன்னமும் துரைதான்.

குருவின் பெயர் ஆங்மோ. இமயத்தில் ஆறு மாதம் பனி மூடிக் கிடக்கும் ஒரு கிராமத்துக்காரி. அப்பா பட்டாளத்தில் இருந்ததால் குன்னூரில் வளர்ந்தவள். தமிழை அங்கே சந்தையில் கற்றுக்கொண்டாள். அந்தத் தமிழில் ‘நீங்கள்’ கிடையாது.

“ஏன் ஓடலை? நீதானே ஓட்டறே?” என்றாள்.

நானூறு வருஷத்தில் அந்த வம்சத்தை ஒருமையில் கூப்பிட்ட முதல் ஆள் அவள். துரைக்கு அது பிடித்திருந்தது என்பதுதான் வேடிக்கை.

“பனி சரியில்லை.”

“போன வாரம் காத்து சரியில்லைன்னு சொன்னே.”

“காத்தும் சரியில்லை.”

ஆங்மோ வண்டியைப் பார்த்தாள்.

அது பனியில் சறுக்கும் இரண்டு பேர் வண்டி. முன்னால் இருப்பவர் கயிற்றைப் பிடித்து ஓட்டுவார். பின்னால் இருப்பவரின் கால்களுக்கு நடுவே பிரேக். இழுத்தால் அடியிலுள்ள இரும்புப் பல் பனியைக் கவ்வும். எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகுதான் அதற்கு வேலை.

இமயச் சரிவில் அன்றுதான் சறுக்குவண்டி தேசிய அணிக்குத் தேர்வு. தடத்தை அறுபது நொடிக்குள் கடந்தால் அணியில் இடம். நாலு குளிர்காலமாகத் துரை முட்டி மோதிப் பார்க்கிறார். அறுபத்து மூன்றுக்குக் கீழே இறங்கியதில்லை.

இந்த முறையும் தேறாவிட்டால் ஊருக்குத் திரும்பி, ஆனித் திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்வதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். காலையில் மகள் போன் செய்திருந்தாள்.

“அப்பா, தாத்தா ஆசாரியை வரச் சொல்லிட்டாங்க. உங்க வண்டியில ஊஞ்சல் செய்யப் போறாங்களாம்.”

“நீ என்னம்மா சொன்னே?”

“சங்கிலி வலுவா இருக்கணும்னு சொன்னேன். நான்தானே ஆடணும்!”



வண்டியில் பின்னால் உட்காருபவன் மாசானம். அரண்மனையிலேயே பிறந்து வளர்ந்தவன். துரை போகுமிடமெல்லாம் போவான். துரைக்காக மலையிலிருந்து குதிக்கச் சொன்னாலும் குதிப்பான். துரைமேல் கை மட்டும் படக்கூடாது. உத்தரவில்லாமல் துரையைத் தொடுவது அந்த வீட்டில் நடக்காத காரியம்.

அன்று காலையில்தான் துரை பனியில் வழுக்கினார். மாசானம் பதறி ஓடி வந்தான்.

“தொடலாமா, தொரை?”

துரை “ம்” சொல்வதற்குள் இருபதடி சறுக்கிப் போய்விட்டார்.

சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆங்மோ சிரிக்கவில்லை. அந்தரத்தில் நின்ற மாசானத்தின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது துரையிடம் சொன்னாள்: “பாதித் தடத்துலேருந்து ஒருவாட்டி போ. நீ பின்னாடி உட்காரு.”

“நானா? பின்னாடியா?”

“நீதான்.”

“மாசானம் ஓட்டுவானா?”

“தினமும் சாயங்காலம் வண்டியைக் கீழே கொட்டகைக்கு எப்படிக் கொண்டு போறான்னு நினைச்சே? தலையில வெச்சா?”

மாசானம் தலையைக் குனிந்துகொண்டான். “மன்னிக்கணும், தொரை. பாதித் தடத்துலேருந்து நானாத்தான் ஓட்டிட்டுப் போவேன்.”

துரை பின்னால் உட்கார்ந்தார். பழக்கதோஷம், ஒரு சாண் தள்ளியே உட்கார்ந்தார்.

வண்டி பறந்தது. முன்னால் என்ன வருகிறதென்று தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் மாசானத்தின் முதுகு. முதல் வளைவு அவரை இடப்பக்கம் வீசியது. இரண்டாவது வளைவு ஆளையே தூக்கியது. ஐயோ, போச்சு!

க்ர்ர்ர்!

வண்டி நடுத்தடத்தில் நின்றது.

ஆங்மோ ஓடி வந்தாள். “ஏன் நிறுத்தினே?”

“நான் நிறுத்தலை.”

“உன் கை எங்க இருக்கு?”

துரை குனிந்து பார்த்தார். இரண்டு கையும் பிரேக்கில் இருந்தன.

“தூக்கி வீசுது, குருவே! பிடிச்சுக்க வேற ஒண்ணுமே இல்லை!”

“ஒண்ணுமே இல்லையா?”

துரை நிமிர்ந்தார். ஒரு சாண் தூரத்தில் மாசானத்தின் முதுகு.



“மாசானம்.”

“தொரை.”

“நாலு வருஷமா நீ எதைப் பிடிச்சுட்டு வந்தே?”

மாசானம் கையை விரித்துக் காட்டினான். உள்ளங்கையில் குறுக்கே, பிரேக் கம்பியின் பருமனுக்குக் காய்ப்பு ஏறியிருந்தது.

துரைக்குக் கண் கலங்கிவிட்டது. கோபம் குருவின் மேல் திரும்பியது.

“நீ ஏன் இதை முதல்லயே சொல்லலை?”

“எங்க ஊர்ல இது குழந்தைக்கே தெரியும், யாரும் சொல்லித் தர மாட்டோம்,” என்றாள் ஆங்மோ. “கிளம்பு. உனக்கு இன்னும் ஒரு ஓட்டம்தான் பாக்கி.”

உச்சியில் வண்டியை வைத்தார்கள். கீழே எல்லைக்கோட்டில் தேர்வு அதிகாரி ஸ்டாப்வாட்சோடு நின்றார். துரை முன்னால் ஏறினார். பின்னால் மாசானம். நடுவே அதே ஒரு சாண்.

“கிட்ட வா.”

அரைச் சாண் வந்தான்.

“இன்னும் கிட்ட. இடுப்பைக் கட்டிப் பிடி.”

“ஐயோ, பெரியதொரைக்குத் தெரிஞ்சா?”

“அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்.”

“உத்தரவுங்களா, தொரை?”

ஆமென்று சொன்னால் போதும், அவன் பிடித்துவிடுவான். துரை சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

“இல்லை, மாசானம். எனக்குப் பயமா இருக்கு.”

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து அவர் இடுப்பை இறுக்கின. எலும்பு நொறுங்குகிற பிடி!

ஆங்மோ வண்டியை உதைத்துத் தள்ளினாள்.

என்ன வேகம்! முதல் வளைவில் இரண்டு பேரும் ஒரே ஆளாகச் சாய்ந்தார்கள். இரண்டாவது வந்ததே தெரியவில்லை. மூன்றாவதில் துரை கத்தினார். நான்காவதில் மாசானமும் கத்தினான். பயத்திலா சந்தோஷத்திலா என்று கேட்டால் இரண்டு பேருக்கும் இன்றுவரை தெரியாது. எல்லைக்கோடு விருட்டென்று அடியில் போயிற்று.

“ஐம்பத்தெட்டு!” என்று அதிகாரி குதித்தார்.

வண்டி நிற்கவில்லை. கொடிக்கம்பத்தைத் தாண்டியது. டீக்கடையைத் தாண்டியது. ஒதுக்கி வைத்த பனிக்குவியலுக்குள் தலைகுப்புறப் பாய்ந்தது. வெளியே நாலு கால் மட்டும் தெரிந்தது.

ஆங்மோ ஒரு சாக்கில் உட்கார்ந்து மேலிருந்து சறுக்கியே வந்து சேர்ந்தாள். சிரிப்பும் அழுகையுமாகப் பனியைத் தோண்டினாள். முதலில் துரையின் தலை வந்தது. அவர் தோளுக்குப் பின்னால் மாசானத்தின் முகம்.

“ஜெயிச்சுட்டே! ஆனா கோட்டைத் தாண்டினதும் பிரேக் போடணும்ல? ஏன்யா போடலை?”

மாசானம் வாயிலிருந்த பனியைத் துப்பினான்.

“ரெண்டு கையும் தொரைகிட்ட இருந்துச்சே, தாயி.”