கண்ணாடி கழற்றும் டாக்டர்

நடிகர் கனகசபாபதிக்கு நாற்பத்தொரு வருஷமாக ஒரே வேலை. ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார். கண்ணாடியைக் கழற்றுவார். எதிரே நிற்பவர்களைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். மீதியை அம்மாவாக நடிப்பவர் பார்த்துக்கொள்வார்.

நோயாளி பிழைத்துக்கொள்கிற படங்களும் உண்டு. அவற்றுக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள்.

"உங்க முகத்துல நல்ல சேதி நிக்க மாட்டேங்குது சார்" என்று ஒரு டைரக்டர் நேராகவே சொல்லிவிட்டார். கனகசபாபதி கோபித்துக்கொள்ளவில்லை. பெருந்துறையிலிருந்து கதாநாயகன் ஆக வந்தவர்தான். அந்த ஆசை எந்த வருஷத்தில் கழன்று விழுந்தது என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

அவர் செட்டுக்குள் நுழைந்தால் மேலே பரணில் இருந்து லைட்மேன்கள் குரல் கொடுப்பார்கள்.

"டாக்டர் வந்துட்டாரு. மாலைக்குச் சொல்லியாச்சா?"

"ரெண்டாச் சொல்லுப்பா. ஒண்ணு உனக்கு" என்பார் இவர்.

அவரிடம் தொழில் கற்றுக்கொண்டவள் என்று ஒருத்திதான். ரெஜினா. நர்ஸ் வேஷத்துக்காக வந்தாள். டாக்டருக்குப் பின்னால் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். வசனம் கிடையாது. முதல் நாளே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள்.

கனகசபாபதி திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா இப்படி நிக்கறே?"

"சாவுச் சேதி இல்லையா சார்?"

"நமக்குத்தான் சாவு. நர்ஸுக்கு இன்னிக்கு இது நாலாவது ஆபரேஷன். அவளுக்குக் கால் வலிக்குது."

ரெஜினா கால் வலியோடு நின்றாள். ஷாட் ஓகே ஆனது. அன்றிலிருந்து அவர் போகிற செட்டுக்கெல்லாம் போனாள். கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"கண்ணாடியைக் கழற்றணும்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. முதல் படத்துல டாக்டரா நடிக்க வேண்டியவர் வரலை. என்னை நிறுத்திட்டாங்க. கண்ணாடி மேனேஜரோடது. பவர் ஜாஸ்தி. எதிர்ல நிக்கிற அம்மா எனக்குக் கலங்கின தண்ணி மாதிரி தெரியறாங்க. யார்கிட்ட சொல்றோம்னு பார்க்க வேணாமா? கழற்றினேன். டைரக்டர் கையைத் தட்டிட்டார்."

பிறகு அதையே எல்லாப் படத்திலும் கேட்டார்கள். மிமிக்ரிக்காரர்கள் மேடையில் கண்ணாடியைக் கழற்றினால் போதும், கூட்டம் 'ஐயோ போயிடுச்சே' என்று சேர்ந்து கத்தும்.

ஒருமுறை பக்கத்து வீட்டுச் சபேசனுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் கனகசபாபதி கஞ்சி எடுத்துக்கொண்டு போனார். வெள்ளைச் சட்டை. வராந்தாவில் நின்று, எட்ட இருந்த அறை நம்பரைப் பார்க்க, படிக்கிற கண்ணாடியைக் கழற்றினார். வெளியே உட்கார்ந்திருந்த சபேசனின் தங்கை அவரைப் பார்த்தாள்.

"ஐயோ அண்ணா! என்னை விட்டுட்டுப் போயிட்டியே!"

உள்ளே கட்டிலில் சபேசன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "யாரு? யாரு போனது?"

இந்தக் கதையை யூனிட்டில் எல்லாருக்கும் அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏறவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கக்கூட மருந்துக்கடைக்குத்தான் போனார்.

ரெஜினாவுக்கு முப்பத்திரண்டு வயதில் பெண் குழந்தை பிறந்தது. ஸ்டெஃபி என்று பெயர். மூன்றரை வயதில் இதயத்தில் ஓட்டை இருப்பதாகச் சொன்னார்கள். திறந்துதான் மூட வேண்டும். வியாழக்கிழமை நாள் குறித்தார்கள்.

புதன்கிழமை ஷூட்டிங் இருந்தது. அதே கதவு. அதே தட்டு. கனகசபாபதி வெளியே வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். தலை அசைவதற்குள் பின்னால் தட்டு கீழே விழுந்து உருண்டது.

"கட்! என்னம்மா நர்ஸ், தூங்கறியா?"

"சாரி சார்."

இரண்டாம் முறை தட்டு விழவில்லை. ஆனால் ரெஜினா கண்களை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். மூன்றாம் முறையும் அப்படியே. டைரக்டர் சாப்பாட்டு நேரம் என்று சொல்லிவிட்டார்.

பிளைவுட் கதவுக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரெஜினா இலையைப் பிரிக்கவில்லை.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நாளைக்கு நீங்க வர வேணாம்."

கனகசபாபதி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"எட்டு மணிக்குத்தானே உள்ளே கொண்டு போறாங்க? ஏழரைக்கு வரலாம்னு இருந்தேன்."

"வேணாம் சார். நீங்கதான் எனக்கு எல்லாம். ஆனா அந்த வராந்தாவில உங்களைப் பார்த்தேன்னா, அந்த நிமிஷமே என் உயிர் போயிடும். படிச்சவ இப்படிப் பேசறாளேன்னு நினைக்காதீங்க. எனக்கும் தெரியுது. ஆனா நெஞ்சு கேட்க மாட்டேங்குது."

"சரிம்மா."

"கோபமா சார்?"

"ரசம் ஊத்து."

ஊற்றினாள். பாதி இலைக்கு வெளியே போயிற்று.

"சார், அந்தக் கதவுக்கு முன்னாடி எப்படி உட்காரணும்? நிக்கறதுக்கு, நடக்கறதுக்கு எல்லாம் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. இதையும் சொல்லுங்க."

அவர் சோற்றை உருட்டினார். ஒரு வாய் சாப்பிட்டார்.

"தெரியாதும்மா."

"தெரியாதா?"

"நான் எப்பவும் உள்ளேருந்து வர்றவன். தலையை ஆட்டுவேன், கட் சொல்லிடுவாங்க. வெளியே உட்கார்ந்ததே இல்லையே."

அவர் தெரியாது என்று சொல்லி ரெஜினா கேட்டது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்டெஃபியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்டெஃபி அழவில்லை. மருந்து கொடுத்திருந்தார்கள். ரெஜினாவும் அவள் கணவன் டேனியலும் வராந்தாவில் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டேனியலும் சினிமாவில்தான், எலக்ட்ரீஷியன். அவன் கைக்கு வேலை இல்லாமல் தவித்தான். சுவரில் இருந்த ஸ்விட்சுகளையே எண்ணிக்கொண்டிருந்தான்.

செட்டில் கதவு படாரென்று சாத்திக்கொள்ளும். இந்தக் கதவுக்கு விளிம்பில் ரப்பர் வைத்திருந்தது. சத்தமே இல்லாமல் திறந்தது. அதனால் ரெஜினா கண்ணை எடுக்க முடியவில்லை. ஜெபமாலையை ஆரம்பித்தாள். நடுவில் கதவு திறந்தது. வாளியோடு ஒரு அம்மா வந்தார். விட்ட இடம் மறந்து போய் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி திறந்தது. காலி சிலிண்டர் வந்தது. மறுபடி முதலிலிருந்து.

பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. டேனியல் இட்லி வாங்கி வந்தான். அது பொட்டலத்திலேயே இருந்தது.

ஒன்றேகால் மணிக்குக் கதவு திறந்தது. ஆபரேஷன் செய்த டாக்டரம்மா வெளியே வந்தார். குட்டையான உருவம். பச்சைத் தொப்பி. முகத்தில் மாஸ்க். இரண்டு எட்டு வைத்தார். நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

ரெஜினாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பெஞ்சிலிருந்து அப்படியே தரையில் சரிந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

டேனியல் அவள் கையைப் பிடித்தான்.

"ஏய் ரெஜி! டாக்டர் இன்னும் வாயையே திறக்கலைடி!"

டாக்டரம்மா மாஸ்க்கை இறக்கினார்.

"யாரும்மா இது? ஸ்டெஃபியோட அம்மாவா? எதுக்கு இந்தக் கத்து கத்தறீங்க? ஓட்டையை மூடியாச்சு. குழந்தை நல்லா இருக்கா."

ரெஜினா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஏசியிலேருந்து வெளியே வந்தா இது ஒரு தொல்லை. ஆவி படிஞ்சு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது" என்றார்.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று இரண்டு நிமிஷம் குழந்தையைப் பார்க்க விட்டார்கள். மார்பு ஏறி இறங்குவதை ரெஜினா பார்த்தாள். ஏறுகிறது, இறங்குகிறது. போதும் என்று நர்ஸ் சொல்லும்வரை பார்த்தாள். அந்த நர்ஸுக்கு உண்மையிலேயே கால் வலித்திருக்க வேண்டும். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள்.

தண்ணீர் வாங்கப் போன டேனியல் திரும்பி வந்தான்.

"உங்க சார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்காரு. கரும்புச் சாறு மெஷின்கிட்ட. மூஞ்சில மாஸ்க்கு, தலையில துண்டு. திருடன்னு நினைச்சேன். கிட்டப் போனா, டேனியல்னு கூப்பிடறாரு."

ரெஜினா படியிறங்கி ஓடினாள். சாலையைக் கடந்தாள். கனகசபாபதி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாதென்று அந்த வெயிலில் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார்.

"வர வேணாம்னு சொன்னேனே சார்."

"நான் எங்கேம்மா வந்தேன்? இது ரோட்டுக்கு இந்தப் பக்கம்."

"எப்போ வந்தீங்க?"

"ஏழரைக்கு."

"சாப்பிட்டீங்களா?"

கரும்புக்காரர் மெஷினை நிறுத்தினார். "நாலு கிளாஸ் குடிச்சிருக்காரும்மா. அஞ்சாவது கேட்டாரு. சர்க்கரை ஏறி இங்கேயே விழுந்துட்டா யாரு தூக்கறது? தர மாட்டேன்னுட்டேன்."

"சார், ஸ்டெஃபி..."

"நல்லா இருக்கா."

"டேனியல் சொல்லிட்டாரா?"

"அவன் தண்ணி பாட்டிலைப் பத்தித்தான் பேசிட்டுப் போனான். நீ ரோட்டைக் கடந்தப்போ பார்த்தேன். ரெண்டு பக்கமும் பார்த்துக் கடந்தே."

ரெஜினா சிரித்தாள். சிரித்தபோதுதான் அழுகை வந்தது. இரண்டும் கலந்து, டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றியதைச் சொன்னாள். தான் தரையில் விழுந்ததையும் டேனியல் திட்டியதையும் சொன்னாள். கரும்புக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கனகசபாபதி சிரிக்கவில்லை.

"ரொம்ப சத்தமாவா கத்தினே?"

"அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும் சார்."

"ம்."

"எல்லாம் முடிஞ்சிருச்சு. இனிமே எனக்கு என்ன பயம்? மாஸ்க்கைக் கழற்றுங்க. வாங்க சார், மேலே வாங்க. பாப்பாவைத் தூரத்துலேருந்து பாருங்க." அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

கனகசபாபதி எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பெஞ்சில உன்கூட யார் யாரும்மா உட்கார்ந்திருந்தாங்க?"

ரெஜினா யோசித்தாள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரோ இருந்தார்கள். ஒரு பெரியவரா? ஒரு பெண்ணா? கதவுதான் ஞாபகம் வந்தது. அதன் விளிம்பில் இருந்த ரப்பர் ஞாபகம் வந்தது. ஒரு முகம்கூட வரவில்லை.

அவள் அவர் கையை விட்டாள்.

"அவங்களுக்கு இன்னும் அந்தக் கதவு திறக்கலைம்மா" என்றார் கனகசபாபதி. "திறக்கட்டும். அப்புறம் வர்றேன்."