பதில் மட்டும் இருந்த பக்கம்

மலையடிவாரத்து மடத்துக்கு இப்போதெல்லாம் யாரும் வருவதில்லை. மடத்தின் இணையதளத்தில் மட்டும் கூட்டம் குறையவில்லை.

தளத்தைப் பார்த்துக்கொண்டவர் பொன்னரங்கம். தொலைபேசி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, மடத்தின் குரு சுடர்மதி அம்மைக்குச் சீடரானவர். குருவைவிட வயதில் மூத்தவர். அம்மையிடம் யாராவது ஒன்று கேட்டால், கேட்டவர் யார், என்ன நிலையில் கேட்டார் என்பதையும் பதிலோடு சேர்த்துத் தளத்தில் எழுதுவார். முன்பெல்லாம் அதைப் படித்தவர்கள் விலாசம் விசாரித்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள்.

பிறகு அது நின்றுபோனது. மக்கள் கைபேசியிடமே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். தளத்துக்கு வந்தவை கைபேசிக்குப் பதில் திரட்டித் தரும் இயந்திரங்கள். ஒன்று வந்து எல்லாப் பக்கங்களையும் ஒரே மூச்சில் படித்துவிட்டுப் போகும். சற்று நேரத்தில் இன்னொன்று வரும். எதுவும் ஒரு சொல் கேட்டதில்லை. திரையின் ஓரத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் தளத்துக்குள் ஏதோ வந்திருக்கிறது என்று பொருள். ஆளில்லாத கூடத்தில் உட்கார்ந்து அந்தப் புள்ளியைப் பார்க்கும்போது பொன்னரங்கத்துக்கு முதுகு சில்லிடும்.

சமையற்கட்டு வேலம்மை கேலி செய்வாள். "ஐயா வீட்டுல எந்நேரமும் விருந்தாளிதான். இலையில உட்காரத்தான் ஒரு ஆளைக் காணோம்."

விவரம் தெரிந்த ஒருவர் அவருக்கு யோசனை சொன்னார். இயந்திரங்களுக்குச் சுருக்கமான பதில்தான் பிடிக்கும். மற்றதை வெட்டிவிட்டால் அம்மையின் சொல் ஒவ்வொரு கைபேசிக்கும் போய்ச் சேரும் என்றார். பொன்னரங்கத்துக்கு அது நல்ல காரியமாகப் பட்டது. கேட்டவர்களையும் அவர்கள் கேள்விகளையும் வெட்டினார். பதில்களை மட்டும் விட்டுவைத்தார். அம்மையிடம் சொல்லத் தோன்றவில்லை.

ஒரு பிற்பகல் செங்கமலம் என்ற பெண் வந்தாள். அவள் தோளில் எட்டு வயது மகள் நித்திலா ஈரத்துணி போலத் துவண்டு கிடந்தாள். குழந்தையின் விரல்கள் மட்டும் தாமாக அசைந்துகொண்டிருந்தன.

அம்மையைக் கண்டதும் அவள் நெடுநாள் பழகியவளைப் போலப் பேசினாள். குழந்தைக்கு வலிப்பு. மாத்திரை கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போய் ஒருநாள் கைபேசியிடம் கேட்டாளாம். அம்மை சொன்னது என்று அது ஒன்றைச் சொன்னதாம்.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேம்மா. மாத்திரைய நிறுத்திட்டேன். கையப் பிடிச்சுக்கிட்டே இருக்கேன். இன்னும் எவ்வளவு நாள் பிடிச்சுக்கிட்டு இருக்கணும்? அத மட்டும் நீங்க சொல்லல. அதக் கேக்கத்தான் வந்தேன்."

அம்மை குழந்தையின் நெற்றியில் கை வைத்தார். உடனே மடத்து ஜீப்பை எடுக்கச் சொன்னார். வேலம்மையைத் துணைக்கு ஏற்றி, தாயையும் மகளையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். புழுதி அடங்கும்வரை வாசலிலேயே நின்றார்.

பொன்னரங்கத்துக்கு அந்த வார்த்தைகள் தெரியும். தொண்ணூறு வயதுப் பெரியவர் ஒருவர், மருத்துவர்கள் கைவிட்டவர், ஊசி குத்த இடமில்லாத உடம்பு. அவருடைய மகனுக்கு அம்மை சொன்ன பதில் அது. அந்தப் பக்கத்தில் இப்போது மகனும் இல்லை, பெரியவரும் இல்லை.

ஓடிப்போய்ப் பக்கத்தையே அழித்தார். பிறகு தம் கைபேசியை எடுத்து, வலிப்பு வரும் குழந்தைக்கு அம்மை என்ன செய்யச் சொல்கிறார் என்று கேட்டார்.

அது சொன்னது. அம்மை நிறுத்தும் இடங்களில் நிறுத்திச் சொன்னது. "மருந்து போதும். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்." கொஞ்சம் இடைவெளி விட்டு, "பயப்படாதீர்கள். நான் கூடவே இருக்கிறேன்" என்றது.

பின்னால் அம்மை நின்றிருந்தார்.

"கடைசியில் சொன்னதை நான் யாருக்கும் சொன்னதில்லை" என்றார்.

பொன்னரங்கம் தாம் வெட்டியதை ஒளிக்காமல் சொன்னார். "பக்கத்தை அழித்துவிட்டேன், அம்மை. அழித்த பிறகும் பேசுகிறது."

அம்மை அருகில் உட்கார்ந்தார். "அந்தப் பெரியவரை மறுபடி எழுதுங்கள். அவர் மகனையும்."

அவர் எழுதினார். பெரியவரின் வயது, மருத்துவர்கள் கைவிரித்தது, மகன் உட்காராமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. இந்தப் பதில் வேறு யாருக்கும் இல்லை என்று அடியில் சேர்த்தார். பக்கம் வெளியான மறுகணம் பச்சைப் புள்ளி எரிந்தது.

"மனிதர் ஒருவரும் வந்து இதைப் படிக்கப்போவதில்லை. யாருக்காக எழுதுகிறேன், அம்மை?"

"யாருக்காக வெட்டினீர்களோ அவர்களுக்காக."

புள்ளி அணைந்தது. மறுபடியும் எரிந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் வேலம்மை ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். வலிப்பு நின்றுவிட்டது, குழந்தை கண் திறந்து தண்ணீர் கேட்டது என்றாள். பொன்னரங்கம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பிழைத்துவிட்டாள், அம்மை" என்றார்.

அம்மை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாய்க்குக் கேட்க ஒன்று மிச்சம் இருந்தது. அதனால் வந்தாள்" என்றார். "கேட்க ஒன்றும் மிச்சம் இல்லாதவர்கள் இப்போது யார் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஐயா?"