குவாரி மூடிக் கிடந்த வாரம்

குன்றின் மேல் சாமியம்மாவின் குடில். அடிவாரத்தில் சில்லுப்பாறை என்கிற ஊர். குடிலில் இருந்தவர்கள் காய்கறி போட்டார்கள். ஊரில் இருந்தவர்கள் கல் உடைத்தார்கள்.

சாமியம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காலத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தவர். அவருடைய சீடர் திருவேங்கடத்துக்கோ அறுபது தாண்டிவிட்டது. பொதுப்பணித் துறையில் இஞ்சினியராக இருந்து, ஆறுகளுக்கு மேல் பாலம் கட்டி, ஓய்வு பெற்று, மனைவி காலமான பிறகு இங்கே வந்து சேர்ந்தவர். வயதில் இளையவரிடம் பாடம் கேட்பதில் அவருக்குக் கூச்சமில்லை. பொறுமைதான் கொஞ்சம் போதாது.

ஒரு மாலை அவர் ஊரிலிருந்து மேலேறி வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. சாமியம்மா நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி மண்ணை உதறிக்கொண்டிருந்தார்.

“அம்மா, இந்த ஊர்க்காரங்களைப் பெரிசா ஆசைப்பட வைக்கறது எப்படி?”

“என்னங்க ஐயா ஆச்சு?”

“அடுத்த மாசம் சப் கலெக்டர் ஊருக்கு வர்றார். என்ன வேணுமோ கேளுங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கார். இதுவரைக்கும் எந்த அதிகாரியும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இன்னிக்குக் கூட்டம் போட்டேன். என்ன கேக்கறாங்க தெரியுமா? சுடுகாட்டுக்கு ஒரு குழாய். ரேஷன் கடைக் கூரைக்குத் தகரம்.”

“குழாய் வேணும்தானே?”

“வேணும்தான். ஆனா அஞ்சாவது முடிச்ச பொண்ணுங்க எல்லாம் சுத்தியலைத் தூக்கிக்கிட்டு குவாரிக்குப் போகுதே! மேல படிக்கணும்னா மலையைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போகணும். யாரு அனுப்புவாங்க? பள்ளிக்கூடம் கேளுங்க, பெரிசா கனவு காணுங்கன்னு தொண்டை வத்தப் பேசினேன். கை தட்டினாங்க. ‘அருமையாப் பேசினீங்க சார்’னாங்க. கடைசியில குழாயைத்தான் எழுதச் சொன்னாங்க.”

சாமியம்மா அடுத்த செடியைப் பிடுங்கினார்.

“சின்ன வயசுல லீவுக்கு எங்கே போவீங்க?”

திருவேங்கடம் ஒரு கணம் திகைத்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எங்கப்பா ஸ்டேஷன் மாஸ்டர். வருஷா வருஷம் பாஸ் கிடைக்கும். மே மாசம் வந்தா எங்க வீடே ரயில்லதான் இருக்கும். அம்மா ஒரு தூக்குல புளியோதரை, ஒரு தூக்குல தயிர்சாதம். ஒரு தடவை வடக்கே போனோம். விடியக்காலம். நான் மேல் பர்த்துல தூங்கறேன். அப்பா தட்டி எழுப்பி, ‘டேய், இறங்கி வா, கோதாவரி வருது’ங்கறார். ஜன்னல்ல முகத்தை வச்சேன். கீழே தண்ணி, மேல இரும்பு. போய்க்கிட்டே இருக்கு அம்மா, முடியவே இல்லை! தடதடன்னு சத்தம் நெஞ்சுக்குள்ள கேக்குது. ‘இதை யாருப்பா கட்டினாங்க?’ன்னு கேட்டேன். ‘மனுஷங்கதாண்டா’ன்னார் அப்பா. திரும்பி வர்றப்போ பாலத்தைத் தவற விட்டுடக் கூடாதுன்னு நான் தூங்கவே இல்லை.”

சொல்லும்போது அவர் கைகள் காற்றில் தூண்களை நட்டன. சாமியம்மா கடலையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதைக் கூட்டத்துல சொன்னீங்களா?”

“இதையா? இதுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“அவங்க லீவுக்கு எங்கே போனாங்கன்னு கேட்டீங்களா?”

“கல் உடைக்கிற பிள்ளைகளுக்கு ஏதும்மா லீவு?”

“கேட்டுட்டு வாங்க” என்றார் சாமியம்மா.

மறுநாள் மதியம் திருவேங்கடம் குவாரிக்குப் போனார். பெரிய பாறையின் நிழலில் எல்லோரும் சோற்றுப் போசியைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் பாவாயி சிரித்தாள். கல் உடைக்கும் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி மாதிரி. அவள் வாய்க்கு குவாரி முதலாளியே பயப்படுவான்.

“வாங்க சார். இன்னிக்கும் பேசப் போறீங்களா?”

“இல்லைம்மா. ஒரு கதை சொல்ல வந்தேன்.”

கோதாவரிப் பாலத்தைச் சொன்னார். பாறையில் துளை போடும் செங்கோடன் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “அத்தாம் பெரிய ஆறுங்களா?” என்று இரண்டு முறை கேட்டார்.

“இப்ப நீங்க சொல்லுங்க. சின்ன வயசுல லீவுக்கு எங்கே போனீங்க?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாவாயிக்குப் புரையேறியது.

“லீவுன்னா எங்களுக்கு ரெட்டை வேலைங்க சார். பள்ளிக்கூடம் உண்டுன்னா பொழுது சாய ஒரு கூடை ஜல்லி உடைக்கணும். லீவுன்னா விடிஞ்சதுல இருந்து.”

திருவேங்கடத்துக்கு ஏண்டா கேட்டோம் என்று ஆகிவிட்டது. அவர் எழுந்திருக்கப் போனபோது ஓரமாக உட்கார்ந்திருந்த நல்லம்மா வாய் திறந்தாள். அவள் அதிகம் பேசாதவள்.

“ஏன்க்கா, அந்த ஆடி மாசம்?”

“எந்த ஆடி?”

“வெடிமருந்து வராம குவாரி மூடிக் கிடந்துச்சே. ஒரு வாரம்.”

பாவாயியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. “அட ஆமா புள்ள!”

பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். பெரியவர்கள் கவலையில் சுருண்டு கிடந்த அந்த ஒரு வாரமும் பிள்ளைகளைக் கேட்பாரில்லை. பாறைக்குப் பின்னால் இருந்த பொட்டலில், சிதறிக் கிடந்த சில்லுக் கல்லை வைத்து அவர்கள் ஓர் ஊர் கட்டியிருக்கிறார்கள். சில்லுப்பாறை இல்லை, வேறு ஊர். அதில் தார் ரோடு இருந்தது. வீட்டுக்கு வீடு குழாய் இருந்தது. சுண்ணாம்பு தடவிய ஆஸ்பத்திரி இருந்தது.

“பஸ் ஸ்டாண்டு என்னோடது” என்றார் செங்கோடன். “மெட்ராஸ் பஸ், பெங்களூர் பஸ், எல்லாம் உண்டு. நான்தான் டிரைவர். உர்ருன்னு ஊதி ஊதி உதடே வெடிச்சுப் போச்சு.”

“பள்ளிக்கூடம் நல்லம்மாளோடது. மாடி மேல மாடி வச்சா. அவதான் பெரிய டீச்சரு. என்னைய முட்டி போட வச்சா சார்!” என்றாள் பாவாயி.

“நீ பாடம் ஒப்பிக்கலைல்ல?” என்றாள் நல்லம்மா.

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறாக இருந்தது. திருவேங்கடம் அவர்களை வருஷக்கணக்கில் பார்த்து வந்தவர். குனிந்த முதுகும் தூசி படிந்த புருவமும்தான் அவருக்குத் தெரியும். இவ்வளவு நாளும் யாரைப் பார்த்து ஆசைப்படத் தெரியாதவர்கள் என்று நினைத்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

“அப்புறம் அந்த ஊர் என்ன ஆச்சு?”

“மருந்து வந்துச்சு. குவாரி திறந்தாங்க. லாரி போறதுக்கு வழி வேணும்ல சார்” என்றாள் பாவாயி. போசியை மூடினாள்.

திருவேங்கடம் குன்றில் ஏறவில்லை, ஓடினார்.

“அம்மா! அவங்ககிட்ட இருக்கு! எல்லாமே இருக்கு! நான் இன்னிக்கே உட்கார்ந்து வரைபடம் போடறேன். ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எல்லாத்தையும் அளவு போட்டு சப் கலெக்டர் கையில குடுத்துடறேன்.”

சாமியம்மா அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

“ஞாயித்துக்கிழமை குவாரி உண்டுங்களா ஐயா?”

“இல்லைம்மா.”

“அப்ப அன்னிக்குப் போவோம்.”

ஞாயிற்றுக்கிழமை சாமியம்மா கீழே இறங்கினார். பாறைக்குப் பின்னால் இருந்த பொட்டலுக்குப் போனார். லாரி வழி எப்போதோ இடம் மாறி, அங்கே எருக்கஞ்செடி முளைத்திருந்தது. ஊர்க்காரர்கள் சாமியம்மா எதற்கு வந்திருக்கிறார் என்று பின்னாலேயே வந்தார்கள். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையால் மண்ணைத் துடைத்தார். ஒரு வெள்ளைக் கல்லைப் பொறுக்கி நடுவில் வைத்தார்.

“இதானே ஆஸ்பத்திரி?”

“அய்யோ, அங்கே இல்லைங்கம்மா!” என்றாள் பாவாயி.

“இங்கேயா?”

“அது ரோடுங்க. ரோட்டு மேலயா ஆஸ்பத்திரி கட்டுவாங்க? தள்ளுங்க, நான் வைக்கறேன்.”

பாவாயி சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியை எடுத்து மேற்கே வைத்தாள். “மேக்கேயா இருந்துச்சு?” என்று சண்டைக்கு வந்தார் செங்கோடன். நல்லம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் பட்டைக் கற்களாகத் தேடி எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள்.

சாமியம்மா மெல்ல எழுந்து, ஒரு நிழல் பார்த்துத் தள்ளி உட்கார்ந்துவிட்டார்.

அன்று சில்லுப்பாறையில் யார் வீட்டிலும் நேரத்துக்கு உலை வைக்கவில்லை. பேரன் பேத்தி எடுத்தவர்கள் தவழ்ந்து தவழ்ந்து தெரு போட்டார்கள். பிள்ளைகள் வந்து பார்த்து, அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று முழித்து, பிறகு அவர்களும் கல் சுமந்தார்கள். திருவேங்கடம் வேட்டி அழுக்காகுமே என்று நின்றுகொண்டே யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். நல்லம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், உங்க ஆத்துப் பாலம் நல்லா இருந்துச்சுங்க. எங்க ஊருக்கும் ஒண்ணு கட்டுங்களேன். இடம் கிடக்குது.”

 திருவேங்கடம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் மண்டியிட்டார்.

சப் கலெக்டர் வந்தார். இளம் வயது. குழாய்க்கான மனுவை வாங்கிக்கொண்டார். “வேறென்ன?” என்றார். பாவாயி அவரைப் பாறைக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். தெரு தெருவாக ஊர் விரிந்து கிடந்தது.

“இது என்னங்க?”

“எங்க ஊருங்க சார்” என்றார் செங்கோடன். பஸ் ஸ்டாண்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் காட்டினார். வீட்டுக் குழாய், விளக்குக் கம்பம், நூலகம், பாலம். காட்டக் காட்ட அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது.

“இதுல முதல்ல எது வேணும்?”

ஊரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. திருவேங்கடத்தின் நாக்கு நுனியில் பதில் துடித்தது. கூட்டத்தோடு நின்ற சாமியம்மா அவர் தோளைத் தொட்டார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

நல்லம்மா முன்னால் வந்தாள். 

“பள்ளிக்கூடம்ங்க. பன்னெண்டாவது வரைக்கும்.”

சப் கலெக்டர் தயங்கினார். “அம்மா, பன்னெண்டாவது வரைக்கும்னா அதுக்குன்னு விதி இருக்கு. இவ்வளவு சின்ன ஊருக்குக் கேக்கறது கஷ்டம்.”

“சின்ன ஊருக்குக் கேக்கலைங்க” என்றாள் நல்லம்மா. தரையில் இருந்த ஊரைக் காட்டினாள். “இந்த ஊருக்குக் கேக்கறோம்.”

 சப் கலெக்டர் கால்சட்டையைச் சற்றே தூக்கிவிட்டுக்கொண்டு குத்த வைத்து உட்கார்ந்தார். நல்லம்மா அடுக்கிய மூன்று மாடிப் பள்ளிக்கூடத்தை வெகுநேரம் பார்த்தார். மேலே ஒரு கல் சரிந்திருந்தது. அதை விரலால் நேராக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

கேட்டது அப்படியே கிடைத்துவிடவில்லை. எட்டாவது வரைக்கும் உத்தரவு வந்தது. மேலே போவதை வருஷா வருஷம் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் கட்டடம் நிஜமாகவே எழும்பியது. அதற்கு ஜல்லி உடைத்தவர்கள் சில்லுப்பாறைக்காரர்கள்தான். திறந்த அன்று பாவாயியின் பேத்தி சீருடை போட்டுக்கொண்டு ஆறாம் வகுப்பில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். வாசலில் நின்று உள்ளே பார்த்த நல்லம்மாவை, “உள்ளே வாங்கம்மா” என்று டீச்சர் கூப்பிட்டாள். நல்லம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். திருவேங்கடம் அதைப் பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கட்டிய பாலங்களில் எதன் திறப்பு விழாவிலும் அவருக்குக் கண் கலங்கியதில்லை.

அதற்குப் பிறகும் பாறைக்குப் பின்னால் கூட்டம் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் போய் உட்கார்ந்தார்கள். தெருக்கள் நீண்டுகொண்டே போயின.

ஒரு ஞாயிறு மாலை திருவேங்கடம் மேலே வந்தார். சாமியம்மா கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, எனக்கு பயமா இருக்கு.”

“என்னங்க ஐயா?”

“நல்லம்மா காலேஜ் கட்டியாச்சு. பாவாயி கோர்ட்டு வச்சிருக்கா, பேத்தி ஜட்ஜாம். இன்னிக்கு செங்கோடன் எருக்கஞ்செடியை எல்லாம் வெட்டிட்டு ஏரோப்ளேன் இறங்கறதுக்கு இடம் ஒதுக்கறார். கிடைச்சது எட்டாவதும்மா! இப்படியே போனா மனசு உடைஞ்சு போயிடுவாங்க. கொஞ்சம் அளவா ஆசைப்படுங்கன்னு சொல்லிடலாமா?”

சாமியம்மா மடையை அடைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“செங்கோடன் உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா?”

“ஏரோப்ளேன் ஓடி நிக்கறதுக்கு எவ்வளவு நீளம் வேணும்னு கேட்டார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலை. எழுந்து வந்துட்டேன்.”

சாமியம்மா மேற்கே பார்த்தார்.

“இன்னும் வெளிச்சம் இருக்குதுங்க ஐயா. இறங்கிப் போய் அளந்து குடுத்துட்டு வாங்க.”