ஒகினு எழுதிய பலகை

விலங்கு வாய் திறந்தால் மனிதருக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், ஜப்பானின் வடக்கே ஒரு மலையில் தோகுசோ என்றொரு தனுக்கி இருந்தான். தனுக்கி என்பது நாய்க்கும் கீரிக்கும் நடுவில் ஒரு பிராணி. குட்டைக் கால், கண்ணைச் சுற்றிக் கறுப்பு. அவன் மனைவி பெயர் ஒகினு.

ஆண்டுதோறும் முதல் பனியோடு அந்த மலைக்குப் பனிக்காரன் இறங்குவான். மதிக்க ஆளில்லாத உயிரைத் தூக்கிக்கொண்டு போவது அவன் தொழில். மதிக்க ஒரே ஒருவர் இருந்தாலும் போதும், தொடமாட்டான். அந்த மதிப்புக்கு அடையாளம் ‘சான்’ என்ற சொல். நாம் பெயருக்குப் பின்னால் ‘அவர்கள்’ போடுகிறோமே, அப்படி. ஆனால் அதை அடுத்தவர் தரவேண்டும். தன் பெயருக்குத் தானே பட்டம் அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டிக்கொள்வது நம்மிடம் செல்லும்; பனிக்காரனிடம் செல்லாது.

வாயால் சொல்வதில் ஒரு சங்கடம் இருந்தது. புயல் இரைச்சலில் குரல் எடுபடாது. முந்தின ஆண்டு தோகுசோவின் ஒரே குட்டி விளையாடப் போன இடத்தில் பனியில் மாட்டிக்கொண்டது. ஒகினு வளை வாசலில் நின்று அதன் பெயரை மதிப்போடு சேர்த்துத் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். பனிக்காரன் காதில் அது விழவில்லை. குட்டியைத் தூக்கிப் போய்விட்டான், பாவி.

பிள்ளையைப் பறிகொடுத்த தோகுசோ மலையடிவாரக் கோயிலுக்குப் போய் அதன் தரைப்பலகைக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தான். மேலே ஒரு பிட்சு தூரிகையால் எழுதுவதை இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்தே எழுதக் கற்றுக்கொண்டான். குரல் கேட்காவிட்டால் என்ன, எழுத்தைக் கண்ணால் பார்க்கலாமே! இலையெல்லாம் உதிர்வதற்குள் ஊர் திரும்பி, ஒவ்வொரு வாசலிலும் ஒரு பலகை நட்டு, பெயரையும் அதன் கீழே சானையும் எழுதத் தொடங்கினான்.

“நான் குளிர் முழுக்கத் தூங்குறவன். எனக்கும் சான் வேணுமா?” என்று கரடி கேட்டது.

“தூங்குறவருக்குத்தான் முதல்ல வேணும்.”

“என் குட்டிகளுக்கு?” என்றது முயல்.

“சின்னதுகளுக்கு ‘ச்சான்’ போதும். அதுவும் மதிப்புத்தான், கொஞ்சம் செல்லமா.”

மலை முழுக்க அவன் கையெழுத்துத்தான். எந்தப் பலகையிலும் ஒரு கோடு பிசகவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறிவிட்டது, மறைப்பானேன்.

ஒருநாள் ஒகினு கேட்டாள்: “எனக்கும் எழுதிட்டீங்க, ஊருக்கெல்லாம் எழுதிட்டீங்க. உங்களுக்கு யார் எழுதுவாங்க?”

தோகுசோ அதை யோசிக்கவே இல்லை.

“எழுத்துத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தானே” என்றான் மெல்ல.

“அப்போ எனக்குச் சொல்லிக் குடுங்க. குட்டிதான் போயிட்டான். உங்களையும் விடமாட்டேன்.”

அடுப்புச் சாம்பலைப் பரப்பி அதில் பழகினாள். கேள்வி மேல் கேள்வி கேட்டாள். மேலேயிருந்து தொடங்கணுமா, கீழேயிருந்தா? மேலேயிருந்து. இடப்பக்கம் முதலா, வலப்பக்கமா? இடப்பக்கம். தூரிகையைச் சாய்க்கலாமா? நேராகப் பிடி. கோடு கோணிப்போனால் என்ன செய்ய? அதற்கு மட்டும் அவன் சிரித்துவிட்டு, “கோணாம எழுது” என்றான்.

பனி நெருங்கி வானம் வெளுத்துக் கனத்தது. இனித் தாமதிக்க முடியாது என்று ஒகினு மையைத் தொட்டுப் பலகையில் எழுதினாள். பழகாத கை. கோடு வழுக்கி விழுந்தவன் கால்தடம்போலச் சறுக்கிக்கொண்டு போனது. ஆனாலும் ‘தோகுசோ-சான்’ என்று படிக்க முடிந்தது. அவளுக்கு நிம்மதியில் கண் கலங்கிவிட்டது. பலகையை வாசலில் நட்டுவிட்டு விறகு பொறுக்கப் போனாள்.

அந்த வழியாக வந்த முயல் பலகையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. “ஊருக்கே எழுதுறவர் வீட்டுப் பலகையா இது? என் கடைக்குட்டி கிறுக்கின மாதிரி இருக்கே!”

தோகுசோவின் காது சூடேறியது. முயல் போகும்வரை பொறுத்திருந்தான். பிறகு தூரிகையை எடுத்தான். வேறொன்றும் மாற்றவில்லை. அவளுடைய கோணல் கோட்டின் மேலேயே தன் கையால் ஒரு நேர்க்கோடு. அடுத்ததன் மேல் இன்னொன்று. எழுத்து அழகாக நிமிர்ந்துவிட்டது. அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

அன்று பிற்பகலே பனிக்காரன் இறங்கினான். ஒவ்வொரு பலகையாகப் படித்துத் தாண்டி வந்தவன் தோகுசோவின் வாசலில் நின்றான். குளிர்ந்த விரலால் கோடுகளைத் தடவினான்.

“இதை எழுதினது யார்?”

விறகைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஒகினு, “நான்தான் ஐயா, நான்தான் எழுதினேன்” என்றாள். அப்போதுதான் பலகையைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது.

“எல்லா வாசலிலும் இதே கையைப் பார்த்துட்டுத்தான் வர்றேன்” என்றான் பனிக்காரன். “இது உன் கை இல்லை. தனக்குத் தானே சான் போட்டுக்கிட்டவனுக்கு ஆள் இல்லைன்னு அர்த்தம்.”

“அடியில என் கோடு இருக்கு ஐயா! உத்துப் பாருங்க!”

“மூடி மறைச்சதை நான் படிக்கிறதில்லை.”

ஒகினு தூரிகையை எடுத்தாள். மை கல்லாக உறைந்திருந்தது. மூச்சை ஊதி ஊதிப் பார்த்தாள், இளகவில்லை. “தோகுசோ-சான்!” என்று அலறினாள். அதற்குள் புயல் எழுந்து இரைந்தது; காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

பனிக்காரன் பிடியில் இருந்த தோகுசோ அவளைத் திரும்பிப் பார்த்தான். “நீ எழுதினது நல்லாத்தான் இருந்தது” என்றான். அவன் பேசியது அவ்வளவுதான். பிறகு வாசலில் பனி மட்டும் இருந்தது.

வசந்தம் வந்து உருகிய பனிநீர் பலகையைக் கழுவியது. மேலே பூசிய புது மை கரைந்தது. மரத்தில் முன்பே ஊறியிருந்த அவளுடைய கோணல் கோடு மட்டும் மிஞ்சியது. பலகையைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையைக் கேட்டு முயல் வளையை விட்டு வெளியே வரவே இல்லை.

அழுது முடித்தபின் ஒகினு சாம்பலைப் பரப்பி உட்கார்ந்து, மலையில் எல்லோருக்கும் எழுதச் சொல்லிக் கொடுத்தாள். விழுந்த கோட்டைத் திருத்த மறுபடி தூரிகையை நீட்டியவர்கள் கையில் பட்டென்று அடித்தாள். விலங்குகளிடமிருந்து மனிதர்கள் அந்த வழக்கத்தைக் கற்றார்கள். பனிக்காரன் வருவதை எல்லோரும் மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது; ஆனாலும் ஜப்பானில் யாரும் தன் பெயருக்குத் தானே சான் போட்டுக்கொள்ளாமலும், தூரிகை ஒருமுறை எழுதிய கோட்டை அது எவ்வளவு கோணலானாலும் மீண்டும் தொடாமலும் இருப்பது அன்று முதல்தான்.